பால் ஏன் மூக்கில் வருகிறது? அண்ணப்பிளவுக் குழந்தைக்குப் பாலூட்டல்: வாசகர் கேள்வி – பதில்

அண்ணப்பிளவுக்கு, அதாவது வாயின் மேற்கூரை பிறவியிலேயே பிளந்திருப்பதற்கு, எந்த வயதில் அறுவை சிகிச்சை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 9 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள் என்று சுருக்கமாகப் பதில் தந்திருந்தோம். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அதுவரை பால் எப்படிக் கொடுப்பது?" பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர் ஒருவரும், பிளவு சிகிச்சைக் குழுவில் பணியாற்றும் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பெண் குழந்தை பிறந்து 6 நாள். உதடு நன்றாக இருக்கிறது. மேல் அண்ணத்தின் பின்பாதி பிளந்திருக்கிறது. மார்பில் போட்டால் ஒரு மணி நேரம் சப்புகிறாள், அப்படியே தூங்கிவிடுகிறாள். பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று 2.6 கிலோ. தாய்க்குப் பால் போதவில்லையா, பிள்ளைக்குக் குடிக்கத் தெரியவில்லையா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

முதலில் எடை. 300 கிராம் என்பது பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். முதல் சில நாளில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். 10 சதவீதத்தைத் தொட்டால் நீர்ச்சத்தும் ரத்தச் சர்க்கரையும் மஞ்சள் காமாலையும் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் மகளுக்கு விழுங்கத் தெரியும். உறிஞ்சத்தான் முடியவில்லை. உறிஞ்சுவதற்கு வாய்க்குள் காற்றழுத்தம் குறைய வேண்டும். அதற்கு முன்னால் உதடும், பின்னால் அண்ணமும் மூடியிருக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் மூக்கு வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். இளநீரில் போட்ட ஸ்ட்ராவின் நடுவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் நீர் ஏறாதல்லவா, அதே கதைதான். தாயின் பாலில் குறையில்லை. ஆனால் மார்பிலிருந்து பால் முழுதாக இறங்காமலே இருந்தால் ஒரு வாரத்தில் சுரப்பு தானாகக் குறைந்துவிடும். அதனால்தான் அவசரம்.

பாலைப் பீய்ச்சி எடுக்க ஆரம்பியுங்கள். 24 மணி நேரத்தில் 8 முறை, அதில் ஒரு முறையாவது நள்ளிரவுக்குப் பின். கையாலும் பீய்ச்சலாம், பம்ப் வைத்தும் எடுக்கலாம். ஒவ்வொரு பக்கமும் 15 நிமிடம் போதும். எடுத்த பால் நம்மூர் வெயிலில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். சூடு காட்ட அடுப்பில் வைக்காதீர்கள். கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும்.

எவ்வளவு கொடுப்பது? முதல் வாரம் முடியும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி. 2.9 கிலோவுக்கு 435 மில்லி. 8 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லிக்குப் பக்கம். இழந்த எடையை மீட்கும்வரை பிறந்த எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். இப்போது குறைவாகக் குடித்துவரும் குழந்தைக்கு ஒரே வேளையில் அந்த அளவைத் திணிக்க வேண்டாம். எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்வார்.

இன்னொரு கணக்கு நேரம். ஒரு வேளைப் பால் 30 நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், குடித்ததில் கணிசமான பங்கு குடிக்கும் உழைப்புக்கே செலவாகிவிடும். "ஒரு மணி நேரம் சப்புகிறாள்" என்று நீங்கள் எழுதியிருப்பது நிறையக் குடித்தாள் என்பதற்கு அடையாளமில்லை, நேர்மாறானது. பாலாடையிலோ (பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புட்டியிலோ கொடுத்து முடித்தபின் மார்பில் போடுவதில் தவறில்லை, 10 நிமிடம் சப்பட்டும். அணைப்பும் கிடைக்கும், சுரப்பும் தூண்டப்படும். ஆனால் அதை ஒரு வேளைப் பாலாக எண்ணாதீர்கள்.

மாமியார் பாலாடைதான் நல்லது என்கிறார். என் அக்கா புட்டி வாங்கச் சொல்கிறாள். மருத்துவமனையில் புட்டி என்று சொன்னதுமே திட்டினார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கரூர்

மருத்துவமனையில் முகம் சுளித்ததற்குக் காரணம் இருக்கிறது. பால் மாவும் புட்டியும் விளம்பரப்படுத்துவதையும் தாய்மாரிடம் பரிந்துரைத்து விற்பதையும் தடுக்க 1992-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சரியாகக் கழுவாத புட்டியால் பேதி வந்து பிள்ளைகள் போன காலத்தை மனதில் வைத்து வந்த சட்டம் அது. ஆனால் அண்ணப்பிளவுக் குழந்தைக்கென்று செய்த புட்டி உதவிக் கருவி வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றிச் செவிலியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

அதற்காக மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பாலாடைக்கு உறிஞ்சவே வேண்டாம். மூலை முடுக்கு இல்லாததால் கொதிக்கும் நீரில் போட்டால் சுத்தம். கெட்டுப்போக வால்வும் இல்லை, ரப்பரும் இல்லை. நம் வீடுகளில் எப்போதும் இருந்த இந்தச் சிறு பாத்திரத்தை இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைப்பிரசவப் பிள்ளைகளுக்கு அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். வெள்ளியோ ஸ்டீலோ எதுவானாலும் சரி, மூக்கின் விளிம்பு கூராக இருக்கக் கூடாது. விரலை ஓட்டிப் பாருங்கள்.

கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையின் கைகளைத் துணியில் சுற்றிவிட்டு, மடியில் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் வையுங்கள். தலை உங்கள் முழங்கை மடிப்பில் தாங்கியிருக்க வேண்டும், பின்னால் சாயக் கூடாது. மோவாய்க்குக் கீழே மடித்த கைக்குட்டை ஒன்று. பாலாடையை விளிம்புவரை நிரப்பாமல் முக்கால் பங்கு ஊற்றுங்கள். அதன் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை நாக்கை நீட்டித் தேடும். அப்போது சிறிது சாய்த்தால் பால் கன்னத்தின் உட்பக்கத்தில் இறங்கும். விழுங்கும் ஓசை கேட்டபின் அடுத்தது. பாலாடையை வாயிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, சாய்வை மட்டும் குறைத்தால் போதும்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, நாக்கின் நடுவில் அல்லது தொண்டையை நோக்கி ஊற்றுவது. அண்ணப்பிளவுள்ள குழந்தைக்கு இது நேராக மூக்கில் ஏறும், புரையேறும். பழைய வழக்கப்படி குழந்தையைக் கால் மேல் மல்லாக்கப் போட்டு ஊற்றுவதை விட்டுவிடுங்கள், பாலாடை நல்லது, அந்தப் படுக்கை நல்லதல்ல. இரண்டாவது, சிந்துவதைக் கணக்கில் எடுக்காதது. 60 மில்லி ஊற்றினோம் என்பார்கள். 20 மில்லி கைக்குட்டையில் இருக்கும். முதல் சில நாள் கைக்குட்டையைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் கூடினால் ஏறத்தாழ ஒரு மில்லி சிந்தியிருக்கிறது.

எனவே யார் பேச்சைக் கேட்பது என்றால் தராசின் பேச்சை. பாலாடையில் அரை மணிக்குள் முடிந்து, வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் எடை கூடினால் புட்டி தேவையே இல்லை. குழந்தை வளர வளர அளவு கூடும், பாலாடையில் கொடுத்து முடிக்க நேரமாகும், தாயின் கையும் ஓயும். அப்போது அக்கா சொன்னதற்கு மாறலாம்.

துபாயில் இருக்கும் மைத்துனர் 'ஸ்பெஷல் நீட்ஸ் ஃபீடர்' என்ற விலை உயர்ந்த புட்டி வாங்கி அனுப்பியிருக்கிறார். ஐந்தாறு பாகம் இருக்கிறது. மாட்டிக் கொடுத்தால் குழந்தை வெறும் காற்றைத்தான் சப்புகிறது.
– வாசகர், நாகர்கோவில்

இது முன்பு ஹேபர்மன் ஃபீடர் என்று அழைக்கப்பட்டது. மேண்டி ஹேபர்மன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, அண்ணப்பிளவுடன் 1980-இல் பிறந்த தன் மகளுக்குப் பாலூட்டப் பட்ட பாட்டிலிருந்து வடிவமைத்தது. இப்போது மெடெலா நிறுவனம் விற்கிறது. நல்ல கருவி. ஆனால் சாதாரணப் புட்டி போல மாட்டிக் கவிழ்த்தால் வேலை செய்யாது.

நீளமான நிப்பிள், அதன் அடியில் ஒரு வட்டத் தட்டு, தட்டின் நடுவில் செருகும் மெல்லிய சிலிக்கான் சவ்வு, திருகு வளையம், புட்டி. சவ்வின் காம்பைத் தட்டின் நடுத்துளையில் இழுத்துப் பொருத்துங்கள், சவ்வு நிப்பிள் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதுதான் ஒருவழி வால்வு: பால் புட்டியிலிருந்து நிப்பிளுக்குள் போகும், திரும்பி வராது. திருப்பி மாட்டினால் நிப்பிளுக்குள் பாலே வராது. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், நிப்பிளில் காற்று நிறைந்திருப்பது. கொடுக்க வேண்டியதைவிட 10 மில்லி கூடுதலாக ஊற்றி மூடுங்கள். புட்டியை நிமிர்த்திப் பிடித்து நிப்பிளை இரு விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அழுத்தியபடியே கவிழ்த்து, விரலைத் தளர்த்துங்கள். பால் உள்ளே இறங்கும். நிப்பிள் நிறையும்வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

நிப்பிளின் மேல் குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று கோடுகள் தெரியும். நுனியில் துளைக்குப் பதில் ஒரு கீறல் இருக்கிறது. எந்தக் கோடு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கீறல் திறக்கும் அளவு மாறும்: குட்டைக் கோடு என்றால் மிகக் குறைந்த ஓட்டம், நீளக் கோடு என்றால் அதிகம். குட்டையில் தொடங்குங்கள். குழந்தை முட்டி மோதி அழுதால் நிப்பிளை வாயிலேயே மெல்லச் சுழற்றி நடுக்கோட்டுக்கு மாற்றலாம்.

நிப்பிளைப் பிளவுக்குள் செருகாமல், அண்ணம் முழுசாக உள்ள பக்கமாக நாக்கின் மேல் வையுங்கள். தாடை அசைவிலேயே பால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் நீங்கள் நிப்பிளை அழுத்த வேண்டும், அதுவும் குழந்தையின் தாளத்தில். தாடை கீழே இறங்கும்போது மெல்ல அழுத்தி, மேலே ஏறும்போது விடுங்கள். மூன்று நான்கு சப்பலுக்கு ஒரு நிறுத்தம், மூச்சு விடட்டும். இந்த இடத்தில்தான் வீட்டில் பதற்றம் வந்து ஒரேயடியாகப் பிழிந்துவிடுகிறார்கள். கண்ணை அகல விழிப்பது, விரல்களை விரிப்பது, நெற்றி சுருங்குவது, கடைவாயில் பால் வழிவது, இவை எல்லாம் இருமலுக்கு முன்பே வரும் எச்சரிக்கை. பார்த்ததும் அழுத்துவதை நிறுத்திக் குழந்தையைச் சற்று முன்னால் சாயுங்கள்.

இங்கே கடையில் பீஜன் நிறுவனத்தின் அண்ணப்பிளவு நிப்பிள் கிடைத்தது. சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் நிப்பிள் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஊசியைச் சுட வைத்துத் துளையைப் பெரிதாக்கலாமா?
– வாசகி, விருதுநகர்

வேண்டவே வேண்டாம். உருண்டைத் துளையைப் பெரிதாக்கினால் குழந்தை சப்பினாலும் சப்பாவிட்டாலும் பால் கொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சுக்கு நிறுத்த அதற்கு வழியே இல்லை. பிளவுக் குழந்தைகளுக்குப் புரையேறுவதற்கு வீட்டில் செய்த ஊசித் துளை முக்கியமான காரணம்.

உங்கள் நிப்பிள் சுருங்குவது துளையால் அல்ல. அந்த நிப்பிளின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், தடவினால் தெரியும். மெல்லிய பக்கம் நாக்கின் மேல், தடித்த பக்கம் அண்ணத்தை நோக்கி. விளிம்பில் காற்று புகச் சிறு பள்ளம் ஒன்று உண்டு, அது மூக்கின் பக்கம் மேலே இருக்க வேண்டும். திருகு வளையத்தை இறுக முடுக்கினால் அந்தப் பள்ளம் அடைபட்டு, புட்டிக்குள் காற்று புகாமல் நிப்பிள் ஒட்டிக்கொள்ளும். கால் சுற்று தளர்த்துங்கள், குமிழி ஏறுவது தெரியும். அதிகம் தளர்த்தினால் ஓரத்தில் கசியும். இந்த நிப்பிளில் நீங்கள் பிழிய வேண்டியதில்லை. உள்ளே ஒருவழி வால்வு இருப்பதால் குழந்தை நாக்கால் நசுக்கினாலே பால் வரும். அந்தச் சிறு வால்வைக் கழுவும்போது தொட்டியில் தொலைப்பவர்கள் ஏராளம். வால்வு இல்லாமல் மாட்டினால் நசுக்கும்போது பால் பின்னோக்கிப் போய்விடும். டாக்டர் பிரௌன்ஸ் புட்டியின் சிறப்பு வால்வும் இதே தத்துவம்தான்.

பால் மாவு கொடுப்பவர்கள் கவனிக்க: கரையாத கட்டி ஒன்று போதும், வால்வும் கீறலும் அடைந்துவிடும். முதலில் ஆறிய வெந்நீர், பிறகு மாவு. டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு, டப்பாவுக்குள்ளேயே இருக்கும் கரண்டியில் தலைதட்டி ஒன்று. எடை ஏறட்டும் என்று கெட்டியாகக் கரைத்தால் குழந்தையின் சிறுநீரகத்துக்குத்தான் சுமை.

சிறப்பு நிப்பிள் வாங்க வசதி இல்லையென்றால், கையால் அமுக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் புட்டியும், நுனியில் குறுக்குக் கீறல் போட்ட மென்மையான சாதாரண நிப்பிளும் போதும். கூட்டல் குறி போல, புதிய பிளேடால், ஒவ்வொரு கீறலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். கவிழ்த்தால் சொட்டக் கூடாது. அமுக்கினால் மட்டும் வர வேண்டும். சில வாரத்தில் கீறல் வாய் பிளக்கும், உடனே நிப்பிளை மாற்றிவிடுங்கள். முதல் நிப்பிளைச் செவிலியர் முன்னிலையில் வெட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது.

பாதிப் பால் மூக்கில் வருகிறது. அம்மா மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் சளி போய்விடும் என்கிறார்.
– வாசகி, பட்டுக்கோட்டை

அது சளி அல்ல, பால். வழி திறந்திருப்பதால் வருகிறது. கொஞ்சம் வருவதில் ஆபத்து இல்லை. மெல்லிய துணியால் துடைத்து, தும்ம விட்டு, தொடருங்கள். நிறைய வந்தால் குழந்தை போதிய அளவு நிமிர்ந்து இல்லை அல்லது பால் வேகமாகப் போகிறது. இரண்டையும் சரிசெய்தால் பெருமளவு குறையும்.

எண்ணெய் விடுவது எந்தக் குழந்தைக்கும் கெடுதல். இந்தக் குழந்தைக்கு இரட்டிப்புக் கெடுதல். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் இருமல்கூட வராமல் நுரையீரலில் தங்கி நிமோனியா உண்டாக்கும். ஊதுவது, விரல் விட்டுத் தொண்டையை வழிப்பது, பஞ்சுக் குச்சியால் பிளவைச் சுத்தம் செய்வது எல்லாமே வேண்டாம். அம்மாவுக்குக் கொடுக்க நல்ல வேலை ஒன்று இருக்கிறது: ஏப்பம். பிளவுள்ள குழந்தை பாலோடு நிறையக் காற்றையும் விழுங்கும். வயிறு காற்றால் நிரம்பி, பசி அடங்கியதுபோல நிறுத்திவிடும். 15, 20 மில்லிக்கு ஒரு முறை தோளில் போட்டுத் தட்டச் சொல்லுங்கள். குடித்து முடித்ததும் 20 நிமிடம் நிமிர்த்தியே வைத்திருக்கட்டும்.

குழந்தைக்கு முகவாய் மிகச் சிறியது. மல்லாக்கப் படுத்தால் குறட்டை போல ஓசை வருகிறது, பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரிக்கிறது. எந்தப் புட்டி நல்லது?
– வாசகர், சேலம்

இங்கே புட்டி இரண்டாவது பிரச்சினை, மூச்சுதான் முதல் பிரச்சினை. சிறிய தாடை, பின்னால் விழும் நாக்கு, அதனால் அடைபடும் மூச்சுவழி: இவை மூன்றும் சேர்ந்தால் பியர் ராபின் தொடர் என்பார்கள், பெரும்பாலும் அண்ணப்பிளவும் உடன் இருக்கும். வாயால் கொடுப்பதை நிறுத்தி, குழந்தையை ஒருக்களித்துப் பிடித்தபடி உடனே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சில வாரம் மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்க நேரலாம். அது பின்னடைவு இல்லை. தாடை வளர்ந்து மூச்சு சீரானதும் வாயால் குடிக்கப் பழக்குவார்கள்.

பல் மருத்துவர் ஒருவர் அண்ணத்துக்குத் தகடு செய்து மாட்டினால் சாதாரணமாகவே பால் குடிக்கும் என்கிறார். பணம் கட்டலாமா?
– வாசகர், வேலூர்

சாதாரணமாகவே குடிக்கும் என்பது மிகை. அக்ரிலிக் தகடு கடின அண்ணத்து ஓட்டையை மூடும். பின்னால் அசையும் மென் அண்ணத்தை மூடாது. அங்கே காற்று நுழையும்வரை உறிஞ்சல் பிறக்காது. நிப்பிளை நசுக்க ஒரு கெட்டியான மேற்பரப்பு கிடைப்பதுதான் லாபம். பிளவுக் குழந்தைகளுக்குப் பாலூட்டுவதுபற்றி நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2011-இல் தொகுத்தது. 5 ஆய்வுகள், 292 குழந்தைகள். தகடு போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. அமுக்கக்கூடிய புட்டிக்கும் கெட்டிப் புட்டிக்கும்கூட வளர்ச்சியில் வேறுபாடு இல்லை, அமுக்கும் புட்டியை மாற்றியமைக்கத் தேவை குறைவாக இருந்தது என்பதுதான் மிச்சம். ஆகவே எங்கள் கருத்து: முதலில் நிலை, நிப்பிள், அளவு, நேரம் நான்கையும் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்தில் எடை ஏறவில்லை என்றால் தகட்டைப் பற்றி யோசிக்கலாம்.

உதடும் ஈறும் சேர்ந்து பிளந்த குழந்தைக்கு, அறுவைக்கு முன் ஈறையும் மூக்கையும் நெருக்கிக் கொண்டுவரும் தகடு வேறு. அதன் நோக்கம் பாலூட்டல் அல்ல. வாரந்தோறும் சரிசெய்ய வர வேண்டியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தகடானாலும் அளவெடுக்கும்போது அச்செடுக்கும் பசை தொண்டைக்குள் போய் மூச்சு அடைபடும் அபாயம் உண்டு. ஆக்ஸிஜனும் உறிஞ்சு கருவியும் உள்ள மருத்துவமனையில், குழந்தை வெறும் வயிற்றில் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். மாட்டிய பின் ஒவ்வொரு வேளைக்கும் கழற்றிக் கழுவி, ஈறில் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தாடை வளர வளரத் தகடு தளர்ந்துவிடும், புதிதாகச் செய்ய வேண்டும். பணம் கட்டும் முன் அந்தச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதடு மட்டும் பிளந்த குழந்தை. மார்பில் கொடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

தாராளமாக. அண்ணம் முழுமையாக இருந்தால் உறிஞ்சல் வரும், உதட்டு இடைவெளியை மார்பின் மென்மையே அடைத்துவிடும். அடையாவிட்டால் உங்கள் கட்டைவிரலைப் பிளவின் மேல் வைத்து மூடுங்கள். 'சப் சப்' என்ற காற்றோசை நின்றால் சரியாக மூடியிருக்கிறது. ஆனால் அண்ணம் முழுமை என்று யார் பார்த்தார்கள்? விரலால் தடவிப் பார்த்தால் பின்பக்கத்துச் சிறு பிளவு தப்பிவிடும். நாக்கை அழுத்தி, விளக்கு அடித்து, உள்நாக்குவரை பார்க்கச் சொல்லுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் மேல்தோலுக்கு அடியில் பிளவு மறைந்திருக்கலாம்.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, தருமபுரி

இல்லை. உதடு கருவின் 4 முதல் 7-ஆம் வாரத்திலும் அண்ணம் 6 முதல் 9-ஆம் வாரத்திலும் கூடுகின்றன. பல தாய்மாருக்குக் கருத்தரித்ததே அப்போதுதான் தெரியவரும். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால்தான் பாலுக்குக் கேடு.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் இல்லை. அறுவைக்குப் பணமும் இல்லை.
– வாசகர், கள்ளக்குறிச்சி

பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப்பிளவு சேர்க்கப்பட்டிருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் பிள்ளைகளின் பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்; டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மருத்துவமனையில் கைகாட்டுவார்கள். ஸ்மைல் டிரெயின் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளிலும் அறுவை இலவசம். போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை வேளை, எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், எத்தனை முறை சிறுநீர் என்று எழுதிக்கொண்டு போங்கள். நாளுக்கு 6 முறைக்குக் குறைந்தால் பால் போதவில்லை. எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல். காது பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம்.

குழந்தைக்கு 6 மாதம் ஆகப்போகிறது. அண்ணம் தைப்பதற்கு முன் சோறு ஊட்டலாமா?
– வாசகி, சிவகங்கை

ஊட்ட வேண்டும், காத்திருக்காதீர்கள். ராகிக் கூழ், நன்றாக மசித்த பருப்புச் சோறு, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். கரண்டியைச் சாய்த்தால் மெல்ல நழுவி விழும் பதம் சரியானது. தண்ணீராக இருந்தால் மூக்கில் ஏறும், உருண்டையாக இருந்தால் பிளவில் ஒட்டிக்கொள்ளும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிய கரண்டியைப் பக்கவாட்டில் கொடுங்கள். வாயை மூடி அதுவே இழுத்துக்கொள்ளட்டும், மேல் அண்ணத்தில் தேய்த்து வழிக்காதீர்கள். ஊட்டி முடித்ததும் இரண்டு கரண்டி கொதித்து ஆறிய தண்ணீர் கொடுத்தால் பிளவில் தங்கியது கழுவிப்போகும். பொரி, முறுக்குத் துண்டு, கடலை இப்போது வேண்டாம்.

அண்ணம் தைத்தபின் சில வாரம் நிப்பிள், ஸ்ட்ரா, கரண்டி முனை எதுவும் தையலில் படக் கூடாது என்றே பெரும்பாலான அறுவை நிபுணர்கள் சொல்வார்கள். எத்தனை வாரம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புட்டிக்கே பழகிய குழந்தை அந்த நாட்களில் குடிக்காமல் அடம்பிடித்து, நீர்ச்சத்து குறைந்து மறுபடி மருத்துவமனைக்கு வருவது உண்டு. ஆகவே அறுவைக்கு ஒரு மாதம் முன்பே சிறிய டம்ளரிலோ பாலாடையிலோ நாளுக்கு இரண்டு வேளை கொடுத்துப் பழக்கிவிடுங்கள். புட்டியை ராத்திரி வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் அதையும் நிறுத்துங்கள்.